தாத்தாவின் பேரேடு

நுழையும்முன்

மறைந்த ஒருவரை நினைவில் நிறுத்தப் படம் உதவும். உடன் வாழ்ந்தோர் சொல்லும் கதைகள் உதவும். சிலரை அறிவதற்கு அவர்கள் தம் கைப்பட எழுதிவைத்த கணக்கே துணைசெய்யும். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகம் செய்த ஒருவரை, அவர் விட்டுச்சென்ற பேரேடுகளின் வழியாக அவருடைய பெயரன் படித்தறிவதே இப்பாடம்.

எங்கள் வீட்டுப் பரணில் நாற்பத்திரண்டு பேரேடுகள் இருக்கின்றன. சிவப்புத் துணி ஒட்டிய கெட்டி அட்டை, முழங்கை நீளம், நடுவில் தைத்த பழுப்புத் தாள்கள். 1946 முதல் 1990 வரை ஆண்டுக்கு ஒன்றாக நாற்பத்தைந்து இருந்திருக்க வேண்டும். மூன்றைக் கரையான் தின்றுவிட்டது. எஞ்சியவற்றை வேப்பிலைக்கும் பழைய வேட்டிகளுக்கும் நடுவே அப்பத்தா காப்பாற்றிவைத்தார்.

ஒவ்வோர் ஏட்டின் முதற்பக்கத்திலும் பிள்ளையார் சுழி. அதன்கீழ் 'லாபம்' என்னும் ஒற்றைச் சொல். களத்தில் நெல் அளப்போர் முதல் மரக்காலை 'ஒன்று' எனச் சொல்லமாட்டார்கள். 'லாபம்' என்று சொல்லிவிட்டு, அடுத்ததை 'ரெண்டு' என்று எண்ணுவார்கள். உழவர் வீட்டில் பிறந்து வணிகரான தாத்தா, களத்து வழக்கை ஏட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். இரண்டாம் பக்கத்திலிருந்து பெயர்கள் தொடங்கும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. ஒருவருக்கு ஒரு பக்கம். சிலருக்கு ஆண்டு முழுவதற்கும் நான்கு வரிகளே இருக்கும். சிலருடைய கணக்கு மூன்று பக்கங்களுக்கு நீளும்.

பேரேட்டைத் தவிரச் சிட்டை என்று ஒன்று உண்டு. அன்றன்று நடந்த கொடுக்கல் வாங்கல்களை அப்போதைக்கப்போது குறித்துக்கொள்ளும் சிறு ஏடு அது. இரவில் கடையைச் சாத்துமுன் சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதுவார்கள். சிட்டையில் அவசரம் தெரியும். பேரேட்டில் நிதானம் தெரியும். ஒரு மனிதரின் இரண்டு முகங்களைப் போல இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

தெரிந்து தெளிவோம்
பழைய தமிழ்க் கணக்கேடுகளில் சொற்களுக்கு மாற்றாகக் குறியீடுகள் பயன்பட்டன. நாள் ௳, மாதம் ௴, ஆண்டு ௵, பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹ என்பன அவை. எண்களையும் ௧, ௨, ௩ எனத் தமிழிலேயே எழுதினர். நிறுத்தல் அளவுகளாகப் பலம், வீசை, மணங்கு ஆகியன வழங்கின. நாற்பது பலம் கொண்டது ஒரு வீசை. எட்டு வீசை கொண்டது ஒரு மணங்கு. 1957இல் நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. அதையடுத்துக் கிலோகிராம் அளவையும் நடைமுறைக்கு வந்தது.

1950களின் நடுப்பகுதி வரை தாத்தாவின் ஏடுகளில் இக்குறியீடுகள் நிறைந்திருக்கின்றன. 1958ஆம் ஆண்டு ஏட்டில் ஒரே பக்கத்தில் அணாவும் நயா பைசாவும் கலந்து வருகின்றன. அடுத்த ஏட்டில் அணா அடியோடு மறைந்துவிடுகிறது. மாற்றத்தைப் பற்றி அவர் முணுமுணுத்ததாக யாரும் சொன்னதில்லை. கையெழுத்து மட்டும் அந்த ஓராண்டு முழுவதும் கொஞ்சம் தடுமாறியிருக்கிறது.

ராசிங்காபுரம் போடிநாயக்கனூருக்குத் தெற்கே, சிலமலையைக் கடந்து தேவாரம் செல்லும் வழியில் உள்ள ஊர். மேற்கே எங்கு திரும்பினாலும் மலை. மலையின் அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்கள். இந்தப் பக்கம் தென்னையும் மாவும் மானாவாரி நிலங்களும். மலைக்கு மேலே பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். சாரலும் காற்றும் மட்டும் எங்கள் ஊருக்கு இறங்கிவரும். அதனால் வேலை தேடுவோர் மலையேறுவது தலைமுறை வழக்கம். இன்றும் விடியற்காலையில் இப்பகுதி ஊர்களிலிருந்து சீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள் தோட்ட வேலைக்குச் செல்வதைக் காணலாம். தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாகச் சாலை வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் நெடுங்காலக் கோரிக்கை. அச்சாலை அமைந்தால் சுற்றுவழி மிகவும் குறையும்.

தாத்தாவும் அப்படி மலையேறியவர்தாம். பதினைந்து வயதில் ஒரு தோட்டத்தில் காய் எடுக்கப் போனார். அக்காலத்தில் மலையிலிருந்து சரக்கு தலைச்சுமையாகவும் கழுதைப் பொதியாகவும் இறங்கும். (மூணாறுப் பக்கத்துத் தேயிலைக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி அது கொட்டகுடிக்கு இறங்கிவந்தது. வெள்ளையர் தேயிலைக்குக் கம்பிவடம், நம்மவர் ஏலத்துக்குக் கழுதை என்று தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார்.) 1928இல் மதுரையிலிருந்து போடிக்குத் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டபோது அவருக்குப் பதின்மூன்று வயது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சென்றார்கள். 1950களில்தான் மீண்டும் பாதை போட்டார்கள். அவர் கடை தொடங்கிய 1946இல் போடியில் தொடர்வண்டி கிடையாது. முதல் ஏட்டில் 'வண்டிக்கூலி' என்ற தலைப்பில் வரிசையாக வருபவை எல்லாம் மாட்டுவண்டிக் கணக்குகளே.

ஏலச்செடியைப் பார்க்காதவர்கள், அதன் காய் கிளையில் தொங்கும் என்று எண்ணக்கூடும். ஆளுயரத்துக்கு மேல் வளரும் அச்செடியின் காய் அடிமண்ணில் காய்க்கிறது. தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையில் படர்ந்து, அவற்றில் பூத்துக் காய்க்கும். ஆகவே காய் எடுப்பவர் நாள் முழுவதும் குந்தியே நகர வேண்டும். ஈரமண், அட்டைக்கடி, மரநிழலின் குளிர். எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரையில் ஏறத்தாழ மாதம் ஒருமுறை அதே செடிக்குத் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும். தோல் பச்சையாகவும் உள்ளே விதை கறுத்தும் இருக்கும் பருவமே எடுக்க ஏற்றது. மலையில் அதைக் 'கரிங்காய்' என்பார்கள். அதற்கு முன்பு எடுத்தால் உலரும்போது சுருங்கிவிடும். பழுக்கவிட்டால் வெடித்துவிடும்.

எடுத்த காயை அலசி, 'ஸ்டோர்' எனப்படும் உலர்த்தும் கூடத்தில் தட்டுகளில் பரப்புவார்கள். வெளியே அடுப்பில் விறகு எரியும். குழாய்களின் வழியே வெப்பம் மட்டும் உள்ளே வரும். ஏறத்தாழ 50 பாகை வெப்பத்தில் ஓர் இரவும் மறுநாள் பகலில் ஒரு பகுதியும் கிடக்க வேண்டும். சூடு மிகுந்தால் பச்சை நிறம் போய்விடும். குறைந்தால் பூசணம் பிடிக்கும். அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் அன்றிரவு தூங்கக்கூடாது. ஐந்து கிலோ பச்சைக்காய் சுமார் ஒரு கிலோ உலர்காயாகும். மீதி நான்கு கிலோவும் நீராவியாகப் போய்விடும். "நாம வாங்குறது காய் இல்லப்பா, தூங்காம இருந்த ஒருத்தனோட ராத்திரி" என்பார் தாத்தா. அவர் அவ்வளவாகப் பேசுபவரல்லர் என்பதால் இத்தகைய வரிகள் எங்களுக்கு மனப்பாடம்.

தெரியுமா?
ஏலக்காயைக் குறிக்கும் 'ஏலம்' வேறு. பலர் கூடி விலை கேட்கும் 'ஏலம்' வேறு. முன்னது வடமொழியின் 'ஏலா' என்பதோடு உறவுடையது. பின்னது போர்த்துகீசியரின் 'லெய்லாவோ' என்னும் சொல் தமிழில் திரிந்து வழங்குவது. போடியில் ஏலம் ஏலத்தில் விற்கப்படுவதால் இரண்டு சொற்களும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன.

தோட்டத்திலிருந்து வரும் சரக்கில் பெருங்காய், சிறுகாய், வெடித்தது, வெளுத்தது, பூச்சி சொறிந்தது யாவும் கலந்தே இருக்கும். அதைச் சல்லடையில் சலித்து அளவு பிரிக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் கண்ணில் நிற்கும் காய்க்கு ஒரு விலை. ஏழில் நிற்பதற்கு ஒரு விலை. பிறகு ஒரு லிட்டர்ப் படியில் நிரப்பி நிறுப்பார்கள். ஒரே கொள்ளளவில் மிகுதியாக எடைகாட்டும் காயே உள்ளீடு நிறைந்த காய். இவற்றையெல்லாம் கருவிகள் செய்யும். வெளுப்பையும் வெடிப்பையும் சொறியையும் பிரிக்கக் கண்ணும் விரலும் வேண்டும். அந்தக் கண்ணும் விரலும் பெண்களுடையவை.

தாத்தாவின் கிட்டங்கியில் நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள் காய் பொறுக்கினார்கள். பலர் ராசிங்காபுரத்திலிருந்தும் சிலமலையிலிருந்தும் வந்தவர்கள். சொளகில் காயைப் பரப்பி, இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் பொறுக்குவார்கள். பேச்சு ஓயாது, விரலும் ஓயாது. பொறுக்கிய எடைக்கு ஏற்பக் கூலி. மாலையில் வீடு திரும்பும்போது அவர்கள் சேலையில் வீசும் மணத்தைக் கொண்டே, எந்தப் பேருந்து போடியிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம் என எங்கள் ஊரில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்நாளில் பல கடைகளில் பொறுக்குக் கூலி ஒரே வரியில் மொத்தத் தொகையாக எழுதப்பட்டது. தாத்தாவின் பேரேட்டில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிப் பக்கம் உண்டு. 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றில்லை. அவரவர் பெயரே தலைப்பு. மலையில் ஐம்பது ஏக்கர் வைத்திருந்த தோட்டக்காரர் பக்கத்துக்கு அடுத்த பக்கமே சிலமலைப் பெண்ணொருவரின் பக்கமாக இருக்கும். இதை அவர் கொள்கையாகச் சொல்லிக்கொண்டதில்லை. தனித்தனியே எழுதினால்தான் கணக்குத் தப்பாது என்பதே அவருக்குத் தெரிந்த காரணமாக இருந்திருக்கலாம். கூலி தாராளமாக இருந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். ஊரில் நடந்த கூலியே அவர் கொடுத்ததும். ஆயினும் திருமணம், பிள்ளைப்பேறு, கூரை மாற்றுதல் என்று முன்பணம் பெற்ற குறிப்புகள் அப்பக்கங்களில் ஏராளம். எந்தக் குறிப்பிலும் வட்டி இல்லை.

தோட்டக்காரர்களுடன் இருந்த உறவும் முன்பணத்தால் ஆனதே. கோடையில் களையெடுக்கவும் நிழல்மரம் கழிக்கவும் கூலி கொடுக்க அவர்களுக்குப் பணம் தேவை. கையில் காய் இராது. வணிகர் பணம் தருவார். அறுவடையானதும் காய் அவர் கடைக்கு வரும். சந்தை விலையில் கணக்குத் தீர்ப்பார்கள். உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை எனப் பல ஊர்களின் பெயர்கள் பேரேட்டில் வருகின்றன. தமிழரும் மலையாளிகளும் உண்டு. 1956 நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. அவற்றைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமெனப் போராட்டங்கள் நடந்த காலம் அது. அந்த நாளில் பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆவலோடு புரட்டினேன். 'மேற்படி நாள் வரவு, காய் இரண்டு மூடை' என்றிருந்தது. அதற்கு முன்பும் அது திருவிதாங்கூர்ச் சீமைதானே. எல்லையும் சுங்கமும் அவருக்குப் புதியவையல்ல.

1983ஆம் ஆண்டுப் பேரேடே எல்லாவற்றிலும் மெலிந்தது. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முந்திய ஆண்டின் இறுதியில் மழை பொய்த்தது. அடுத்து வந்த கோடை தென்னிந்தியாவின் ஏலத்தோட்டங்களை வாட்டி எடுத்தது. ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் உயிர். சில வாரங்கள் தொடர்ந்து வேரில் ஈரம் இல்லையென்றால் இலை மடிந்து தண்டு சாய்ந்துவிடும். அந்தச் செடியிலிருந்து அவ்வாண்டு காய் கிடைக்காது. புதிதாக நட்டால் காய்க்க மூன்றாண்டுகள் ஆகும். தாத்தாவிடம் முன்பணம் பெற்றிருந்தவர்கள் பத்தொன்பது பேர். வைகாசியில் அவர் மலையேறினார். போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் கடந்து, பத்து நாள் தோட்டம் தோட்டமாக நடந்துவிட்டுத் திரும்பினார். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது; எனக்குப் பதினான்கு. திரும்பிவந்தவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. குளித்துவிட்டுக் கடைக்குப் போனார்.

அப்பாவின் கருத்து வேறாக இருந்தது. அவர் வணிகவியல் படித்தவர். அப்போது கடைப்பொறுப்பில் பாதியை ஏற்றிருந்தார். பத்தொன்பது பேரிடமும் நிலப்பத்திரத்தை ஈடாகக் கேட்டு வாங்கிவிட வேண்டும்; பொறுக்கும் பெண்களில் பாதிப்பேரை நிறுத்த வேண்டும் என்றார். அவருடைய கணக்கில் பிழையொன்றும் இல்லை. வங்கிக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஆவணியில் வர வேண்டிய காய் வராது என்பதும் உறுதியாகிவிட்டது. திண்ணையில் நடந்த அந்த வாக்குவாதம் எங்கள் தெருவுக்கே கேட்டது.

"இது வியாபாரமா, தருமச் சத்திரமாப்பா?" என்று கேட்டார் அப்பா.

"வியாபாரம்தேன்" என்றார் தாத்தா. "காய் அடுத்த வருசம் வரும், இல்லேன்னா அதுக்கடுத்த வருசம் வரும். பொறுக்குற கை போயிருச்சுன்னா, வந்த காய வச்சுக்கிட்டு என்ன செய்வ? பத்திரத்த வாங்கிட்டா, அவன் பயத்துல தோட்டத்த வித்துட்டு எறங்கிருவான். அப்புறம் யாருகிட்டக் காய் வாங்குவ?"

இதனை ஈகை என்று போற்றுவோர் எங்கள் குடும்பத்தில் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது தேர்ந்த வணிகக் கணக்கு. ஓராண்டைக் கொண்டு போடாமல் ஐந்தாண்டைக் கொண்டு போட்ட கணக்கு. அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. சிலமலைக் கண்மாய்ப் பாசனத்தில் இருந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சையை அவ்வாடியில் விற்றார். அப்பத்தாவின் தாய்வீட்டுச் சீராக வந்த நிலம் அது. அப்பத்தா கைந்நாட்டு வைத்துவிட்டு மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பேரேட்டில் 'நிலம் விற்ற வகையில் வரவு' என்ற வரிக்கு நேரே தாத்தா தம் பெயரை எழுதவில்லை. அப்பத்தாவின் பெயரை எழுதியிருக்கிறார். கடை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பது அதன் பொருள். 1988இல் அக்கடன் தீர்ந்ததற்கான வரவும் பற்றும் முறையாக இருக்கின்றன. அந்தப் பணத்தில் அப்பத்தா நிலம் வாங்கவில்லை. எங்கள் கல்லூரிக் கட்டணம் கட்டினார்.

ஏலக்காய் இல்லாத ஆண்டில் நாற்பது பெண்களுக்கு என்ன வேலை கொடுப்பது? போடிப்பகுதி இலவம்பஞ்சுக்கும் பெயர்பெற்றது. கோடையில் பறித்து இருப்பில் கிடந்த இலவங்காய்களைத் தாத்தா வாங்கினார். காயை உடைத்து, விதை நீக்கிப் பஞ்சாக்கும் வேலை கிட்டங்கியில் தொடங்கியது. அது தூசி நிறைந்த வேலை. பஞ்சு மூக்கில் ஏறும், தும்மல் நிற்காது. மணத்திலேயே பழகிய பெண்கள் தலையில் பஞ்சு படிய, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை நான் பார்த்திருக்கிறேன். "முதலாளி, எங்களக் கெழவியாக்கிட்டீக" என்று வெண்பஞ்சுத் தலையைக் காட்டி ஒருவர் சொல்ல, "ஒரு வருசம் பொறு தாயி, கொமரியாக்கிருவோம்" என்றார் தாத்தா. பஞ்சில் கடைக்கு நட்டம். எவ்வளவு என்பதும் பேரேட்டில் இருக்கிறது.

தோட்டக்காரர் பத்தொன்பது பேரின் பக்கங்களில் ஒரே வாசகம் எழுதப்பட்டுள்ளது: 'மழை பெய்தபின்.' கெடு நாள் குறிக்க வேண்டிய இடத்தில் அச்சொற்கள் நிற்கின்றன. 1987க்குள் பதினாறு பேர் முழுவதும் தீர்த்துவிட்டனர். இருவர் தோட்டத்தை விற்றுவிட்டுக் கிடைத்ததில் பாதியைக் கொடுத்தனர். ஒருவருடைய பக்கத்தில் பற்று மட்டுமே உள்ளது. வரவுப் பக்கம் இன்றும் வெறுமையாகக் கிடக்கிறது.

இதுவரை சொன்னவற்றால் தாத்தா எல்லாருக்கும் கணக்கு எழுதியவர் என்று தோன்றலாம். ஒருவருக்கு எழுதவில்லை.

அப்பாவின் அக்காள், எங்கள் அத்தை, 1945இல் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஏலக்காயின் தரம் பார்ப்பதில் அவருக்கு இணை இல்லை. காயை நகத்தால் கீறி, இரண்டு விதைகளை நாக்கில் வைத்து, எந்தத் தோட்டத்துச் சரக்கு, எந்தச் சுற்றில் எடுத்தது, எத்தனை நாள் மூடையில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். ஏலத்துக்கு வரும் சரக்கின் மாதிரியைத் தாத்தா மடியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவார். அடுக்களை வாசலில் நின்றபடியே அத்தை பார்த்துச் சொல்வார். மறுநாள் தாத்தா அந்த விலையைத்தான் கேட்பார். ஆனால் கடைக்குள் அத்தை கால்வைத்ததில்லை. பெண்பிள்ளை கடையில் உட்காருவது முறையன்று என்பது தாத்தாவின் முடிவு. நாற்பது பெண்கள் உழைத்த கிட்டங்கியில் தம் மகள் வந்து நிற்பதை அவர் ஏற்கவில்லை. இந்த முரண்பாட்டை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அவர்மீது நான் கொண்ட அன்பு குறையாமலேயே, இது அநீதி என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேரேடு முழுவதும் தேடியும் அத்தையின் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. சிட்டைகளைப் புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. சரக்கின் எடைக்கும் விலைக்கும் நடுவே சில வரிகளில் 'ம' என்ற எழுத்து மிகச் சிறியதாக எழுதப்பட்டிருந்தது. 'மணங்கு' என்பதன் சுருக்கம் என்றார் அப்பா. கிலோ அளவை வந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் மணங்கு எதற்கு? எழுத்து வரும் ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். 1961இல் முதன்முதலாக வருகிறது. 1965 ஆவணியோடு நின்றுபோகிறது. 1972இல் மீண்டும் தொடங்கி 1990 வரை தொடர்கிறது. 1965 ஆவணியில்தான் அத்தைக்குத் தேவாரத்தில் திருமணம் நடந்தது. 1972இல் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு ராசிங்காபுரத்துக்குத் திரும்பினார். 'ம' என்பது 'மகள்.' அவர் பார்த்துச் சொன்ன சரக்குக்கு மட்டும் அந்த அடையாளம்.

அத்தையிடம் சொன்னேன். சிட்டையை வாங்கித் தடவிப் பார்த்தார். "தெரியும்" என்றார். "ஒருநாள் நானே பாத்தேன். எதுக்குப்பா இதுன்னு கேட்டேன். நட்டம் வந்தா யாரு மேலன்னு தெரிய வேணாமான்னாரு. இருபத்தஞ்சு வருசத்துல ஒரு 'ம'வுலயும் நட்டம் வரல. அத மட்டும் யாரும் எழுதி வைக்கல."

அவர் சொன்னது சரியா என்று பார்க்க எனக்கு ஒரு கோடை விடுமுறை பிடித்தது. பல நூறு வரிகள். கொள்முதல் விலையையும் விற்ற விலையையும் ஒப்பிட்டேன். நான்கு இடங்களில் நட்டம் இருந்தது. அதை அத்தையிடம் சொல்லவில்லை. அந்த நான்கும் 1986, 1987 ஆண்டுகளைச் சேர்ந்தவை. சரக்கின் குறை அதற்குக் காரணமன்று. சந்தை சரிந்த காலம் அது.

அச்சரிவு மழையால் வந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டுக்கு ஏலச்செடி கொண்டுசெல்லப்பட்டது. அங்கு அதை உண்போர் மிகக் குறைவு, விளைந்ததெல்லாம் ஏற்றுமதிக்கே. 1980களில் அந்நாடு விளைச்சலில் இந்தியாவை முந்தியது. காப்பியில் ஏலம் இட்டுப் பருகும் அரபு நாடுகளே நம் ஏலக்காயின் பெருஞ்சந்தை. அங்கு மலிவான குவாத்தமாலாக் காய் நிறைந்தது. போடியில் விலை விழுந்தது. பெயர்கூடக் கேட்டிராத ஒரு நாடு தம் கடையின் விலைப்பலகையை மாற்றி எழுதுகிறது என்பதைத் தாத்தாவால் நம்ப முடியவில்லை. என்னுடைய பள்ளி நிலப்படநூலைக் கொண்டுவரச் சொல்லி, அந்நாட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன். விரல் நுனியை அதன்மேல் வைத்தார், நாடு மறைந்துவிட்டது. "இம்புட்டுத்தானா?" என்றார்.

1991இல் தாத்தா மறைந்தார். அப்பா மேலும் பதினாறு ஆண்டுகள் கடையை நடத்தினார். கட்டப்பனைப் பகுதி உழவரொருவரின் தோட்டத்தில் தெரிந்தெடுக்கப்பட்ட 'ஞள்ளானி' என்னும் வகை மலையெங்கும் பரவி விளைச்சல் பெருகிய காலம் அது. 1987இல் உருவான நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடந்த ஏலம், 2007இல் கணினிக்கு மாறியது. இன்று போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் மின்னணு ஏலம் நடக்கிறது. மாதிரிக் காயைத் தட்டில் வைத்துக்கொண்டு வணிகர்கள் கணினியின்முன் அமர்ந்து விலையை அழுத்துகிறார்கள். யார் கேட்கிறார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. தாத்தாவின் காலத்தில் ஒருவர் தொண்டையைக் கனைத்தாலே எவ்வளவு வரை போவார் என்று மற்றவர் அறிவர். புதிய முறையில் தோட்டக்காரருக்கு நியாயமான விலை கிடைக்கும் வாய்ப்பு மிகுதி என்றே நான் கருதுகிறேன். அப்பாவுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அந்த ஆண்டே கிட்டங்கியை வாடகைக்கு விட்டுவிட்டார்.

2018 பெருமழையும் அதன்பின் வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்தன. 2019 ஆகத்து மாதத்தில் ஏலத்துக்கு வந்த ஒரு குவியல் கிலோ 7000 ரூபாய் வரை விலைபோனது. செய்தியை நாளிதழில் படித்த அத்தை, "அந்தக் காய நான் பாக்கணுமே" என்றார். விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

போடியின் கிட்டங்கிகளில் இன்றும் பெண்கள் காய் பொறுக்குகிறார்கள். நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. இயந்திரம் ஒதுக்கியதை மீண்டும் ஒருமுறை பார்க்கும் வேலை பெண்களுக்கு. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட தொடர்வண்டி 2023 சூனில் மீண்டும் போடிக்கு வந்தது. நிலையத்தில் பயணிகள் இறங்குகிறார்கள். மூடைகள் சரக்குந்துகளில்தான் போகின்றன.

பேரேடுகளை ஆவணக் காப்பகம் ஒன்றுக்குக் கொடுப்பது என்று குடும்பத்தில் முடிவு செய்திருக்கிறோம். கொடுப்பதற்குமுன் அவற்றுக்கு ஒரு பெயரடைவு எழுதிவருகிறேன். தோட்டக்காரர்கள், வண்டிக்காரர்கள், பொறுக்கிய பெண்கள் என அகரவரிசையில் அறுநூறு பெயர்களுக்குமேல் சேர்ந்துவிட்டன. மகர வரிசைக்கு இன்னும் வரவில்லை. அத்தையின் பெயரை அவ்வரிசையில் அவருடைய சொந்தப் பெயராலேயே சேர்ப்பதென்றும், எதிரே சிட்டைகளின் பக்க எண்கள் அனைத்தையும் தருவதென்றும் உள்ளேன். பக்க எண்கள் மட்டுமே இரண்டு தாள்கள் வருகின்றன.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் பழைய கடை, பட்டறை, மண்டி ஒன்றின் கணக்கேட்டைப் பார்வையிட்டு, அதில் வழங்கும் கலைச்சொற்களைத் தொகுத்து வகுப்பில் படித்துக்காட்டுக.
2. 1983ஆம் ஆண்டில் தாத்தா எடுத்த முடிவு, அப்பா கூறிய யோசனை ஆகிய இரண்டில் எது ஏற்புடையது? இரு தரப்பாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.
3. உங்கள் வீட்டில் அல்லது ஊரில் உழைத்தும் எந்த ஏட்டிலும் பெயர் இடம்பெறாத ஒருவரைச் சந்தித்து, அவர் பணியைப் பற்றி இரண்டு பக்க அளவில் எழுதுக.